எண்ணும் இசைவும்



மறைமலை நகரிலும், ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளிலும் ஆலைகளில் பணிபுரியும் இளைஞர் பலர். ஊரை விட்டு வந்து விடுதிகளில் தங்கி உழைக்கும் அவர்களுக்கு வீட்டோடு உள்ள உறவெல்லாம் கைப்பேசி வழியேதான். வங்கிக் கணக்கும் அதே எண்ணோடு பிணைந்திருக்கிறது. ஆதலின், அந்தப் பத்து இலக்கங்களும் வீட்டுத் திறவுகோலைப் போன்றவை. கடைக்காரர் கேட்டவுடன் அவற்றை ஒப்புவித்துவிடலாமா?

எண் கேட்பதெல்லாம் தவறு என்பதன்று. பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரம் ஆயத்தமானதைத் தெரிவிக்க எண் வேண்டும். ஆனால், காசு கொடுத்து ஒரு சோப்புக்கட்டி வாங்குவோரின் எண் எதற்கு? பெரும்பாலும் பின்னர் விளம்பரம் அனுப்புதற்கே. அதனினும் கொடிது, எண் கைமாறுதல். உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகள் சிலவற்றில் பெண்களின் எண்கள் ஆடவர்க்கு விற்கப்பட்டதாக 2017-ஆம் ஆண்டு நாளிதழில் செய்தி வெளிவந்தது. அப்பெண்கள் எண்ணைக் கொடுத்தது கட்டணம் செலுத்துதற்கு, தொல்லைக்கு ஆளாவதற்கன்று.

இங்கேதான் இசைவு என்னும் கருத்து எழுகிறது. ஒரு காரியத்திற்குத் தந்த இசைவு மற்றொரு காரியத்திற்கு ஆகாது. அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அதன்பின் 2023-இல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இசைவு தாமாக விரும்பி, இன்ன நோக்கத்திற்கென அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்திற்கு இடமின்றித் தரப்பட வேண்டும் என்பது அச்சட்டம். வாளாவிருத்தல் இசைவாகாது. தந்த இசைவை, தந்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடியவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோரின் இசைவு தேவை.

அச்சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மருந்துக்கடையில் ஒருவர், பணம் பெற்றுக்கொண்டமைக்கான சான்றைக் கைப்பேசிக்கு அனுப்புமாறு தாமே எண்ணைத் தருகிறார். கடைக்காரர் அச்சான்றை அனுப்புதற்கு அவ்வெண்ணைப் பயன்படுத்தலாம். அந்நோக்கமே எல்லை. 2025 நவம்பரில் விதிகள் வெளியிடப்பட்டன. இசைவு பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என வகுக்கப்பட்டுள்ளது.

அதுவரை நாம் காப்பின்றி இருக்கிறோமோ என்றால், இல்லை. நம்பிக்கையோடு தந்த செய்தியைப் பிறர்க்கு வெளிப்படுத்துதல் முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எண் தந்தால்தான் பொருள் என்று வற்புறுத்தலாகாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் துறையும் அறிவுறுத்தியது. குறை கூற 1915. வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909.

ஆகவே, எவரேனும் எண் கேட்டால், "எதற்கு? கட்டாயமா? வேறு யாருக்கேனும் கொடுப்பீர்களா?" என்று பணிவுடன் வினவுங்கள். விடை நிறைவளிக்கவில்லையெனில், "வேண்டாம், ஐயா" என்று கூறுங்கள். அது மரியாதைக் குறைவன்று.

இன்னும் ஒன்று. நாளை உங்களுள் பலர் எண்களைக் கேட்டு எழுதும் மேசையில் அமர்வீர்கள். அன்று உங்கள் முன் நிற்பவர், புதிதாய் ஊருக்கு வந்து, மறுத்துச் சொல்ல அஞ்சும் ஒரு தொழிலாளியாக இருக்கலாம். அவர் கேளாமலே காரணத்தைச் சொல்லுங்கள். தேவையற்ற எண்ணைக் கேளாது விடுங்கள். சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு நாள் ஆகலாம். நாணயத்திற்கு நாள் குறிக்க வேண்டுவதில்லை.