வீட்டுக் கிரயமும் சுவாதீனமும்

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுக்குழுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஆண்டறிக்கை, வரவு செலவு, லாபப் பங்கீடு யாவும் அமைதியாகவே நிறைவேறின. ஆயினும், முன்வரிசையில் எப்போதும் அருகருகே அமரும் இரு அங்கத்தினர்கள் அன்று மண்டபத்தின் இரு மூலைகளில் அமர்ந்திருந்தனர். வினவியதில், ஒருவருடைய வீட்டை மற்றவர் கிரயத்திற்கு வாங்கியிருக்கிறார் என்றும், பத்திரம் பதிவாகி நான்கு மாதங்கள் சென்றும் வீடு காலியாகவில்லை என்றும் தெரிய வந்தது. அவர்களுக்குள் விலையில் தகராறு இல்லை. எல்லையில் தகராறு இல்லை. காலி செய்யும் நாளைப் பற்றியே தகராறு.

இருவரும் நாணயமானவர்களே. விற்றவர், “பாவு முடிந்ததும் காலி செய்து விடுகிறேன்” என்று சொல்லியிருந்தார். அப்போது தறியில் இருந்த ஒரு பாவைத்தான் குறிப்பிடுகிறார் என்று வாங்கியவர் எண்ணினார். விற்றவருக்கோ வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் பாவு முடியுமுன் மற்றொன்றில் புதுப் பாவு ஏறிக்கொண்டிருந்தது. புது இடத்தில் தறிக்குழி வெட்டி ஆறவிடாமல் அவரால் தறியைப் பெயர்க்க இயலவில்லை. வாங்கியவரோ ஒரு பக்கம் வீட்டுக் கடனுக்கு வட்டியும் மறுபக்கம் தாம் குடியிருந்த வீட்டுக்கு வாடகையும் கட்டி வந்தார். மகளின் திருமணத்தைச் சொந்த வீட்டில் நடத்த வேண்டும் என்பதற்காகவே அவர் கடன் பெற்றிருந்தார்.

இத்தகைய மனத்தாங்கல் பல ஊர்களில் நேர்கிறது. பணம் கைக்கு வராமல் விற்பவரால் வேறிடம் தேட இயலாது. வீடு காலியாகாமல் முழுப் பணத்தையும் கொடுக்க வாங்குபவருக்கு மனம் வராது. இதற்கு மேல், குழந்தைகளின் பள்ளிப் பரீட்சை முடியட்டும் என்பார் ஒருவர். குதிரில் உள்ள நெல் விலை போகட்டும், மாட்டுக்குக் கொட்டகை அமையட்டும் என்பார் மற்றொருவர். ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமையால், ஆனியில் தவறிய நாள் ஆவணிக்கும், கார்த்திகையில் தவறிய நாள் தைக்கும் போய்விடுகிறது. பத்து நாள் தாமதம் இவ்வாறு இரண்டு மாதமாகிறது.

இதில் சட்டத்தின் நிலை யாது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு, விற்பவர், வாங்குபவர் இருவருடைய கடமைகளையும் கூறுகிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, வாங்கியவர் கேட்டவுடன் சுவாதீனத்தை, அதாவது சொத்தின் கைவசத்தை, ஒப்படைப்பது விற்றவரின் கடமையாகும். கிரய நாள் வரையில் உள்ள வீட்டுவரி முதலியவை விற்றவரைச் சேரும். அதன் பின்னர் உள்ளவை வாங்கியவரைச் சேரும். உரிமை மாறிய பிறகு, விற்றவரின் குற்றமின்றி வீட்டுக்கு நேரும் சேதமும் வாங்கியவருக்கே உரியது. ஆகவே, பதிவுக்குப் பின்னும் விற்றவர் குடியிருக்கும்போது மழையில் கூரை சரிந்தால், அந்த வீட்டில் ஒரு நாளும் படுத்துறங்காதவர் அந்த நஷ்டத்தை ஏற்க நேரிடும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். பத்திரங்களில், “இன்றைய தினமே சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது” என்று வழக்கமாக எழுதி விடுகிறோம். அந்த வரி எழுதப்படும்போதே விற்றவரின் அடுப்பு அவ்வீட்டில் எரிந்துகொண்டிருக்கும். பின்னர் தகராறு முற்றினால், “சுவாதீனம் பெற்றுவிட்டதாக நீரே ஒப்புக்கொண்டீர்” என்று வாங்கியவரிடம் கூறலாம், “ஒப்படைத்த வீட்டில் எந்த உரிமையில் இருக்கிறீர்?” என்று விற்றவரிடம் கேட்கலாம். உண்மையல்லாத அந்த ஒரு வரி இருவருக்குமே பகையாகிறது.

ஆகவே, கிரய உடன்படிக்கை எழுதும்போதே பின்வருவனவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, காலி செய்யும் நாள். “விரைவில்”, “வசதிப்பட்டதும்”, “அறுவடை முடிந்ததும்” என்ற சொற்கள் கூடாது. ஆங்கிலத் தேதியையும் தமிழ்த் தேதியையும் சேர்த்தே எழுதலாம். தறியோ தானியமோ காரணமானால், அதற்கு வேண்டிய நாட்களைக் கணக்கிட்டு, தாராளமாகவே ஒரு தேதியைக் குறிக்க வேண்டும். நெருக்கமாக ஒரு தேதியைக் கூறித் தவறுவதைவிடத் தள்ளி ஒரு தேதியைக் கூறி நிறைவேற்றுவது மேல்.

இரண்டாவது, பணமும் சாவியும் கைமாறும் முறை. இயன்றால் வீடு காலியான பிறகே பத்திரம் பதிவு செய்வது சிறந்தது. பதிவு நாளின் காலையில் வீட்டை நேரில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். விற்பவருக்கு வேறிடம் தேடப் பணம் தேவையெனில் முன்பணத்தைச் சற்று உயர்த்தித் தரலாம். பதிவுக்குப் பின்னரே காலி செய்வார் எனில், விலையில் ஒரு சிறு பகுதியைச் சாவி பெறும் வரையில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதனைப் பத்திரத்திலேயே பாக்கி என்று காட்ட வேண்டும். முழுத்தொகையும் பெற்றதாக எழுதிவிட்டு வாய்மொழியாக ஒரு பகுதியை நிறுத்துவது மற்றொரு வழக்குக்கு வித்தாகும்.

மூன்றாவது, தாமதத்திற்கு ஈடு. நாளொன்றுக்கு இன்ன தொகை என்று எழுதலாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈட்டையே நீதிமன்றம் வழங்கும். ஆகவே, பயமுறுத்தும் தொகையை எழுதிப் பயனில்லை. வாங்குபவர் உண்மையில் செலுத்தும் வாடகையையும் வட்டியையும் ஒட்டியே அது இருத்தல் வேண்டும்.

நான்காவது, பதிவுக்குப் பின் தங்கியிருக்கும் நாட்களின் தன்மை. அது இன்ன தேதி வரையில் அளிக்கப்பட்ட அனுமதி மட்டுமே என்று தெளிவாக எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். வாடகை என்று எழுதினால் குடிக்கூலி உறவு உண்டானதாக வாதிக்க இடமுண்டாகும். அந்நாட்களில் மின் கட்டணமும் மராமத்தும் யாரைச் சேர்ந்தவை என்பதையும் குறித்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய உடன்படிக்கையும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டியதாகும். கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் அதனைப் பதிவுக்குத் தாக்கல் செய்தல் வேண்டும். உடன்படிக்கையை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கை, அதில் குறித்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். நாள் குறிப்பது இங்கும் பயன்படுவதைக் காண்க.

இவ்வளவும் செய்த பின்னும் ஒருவர் காலி செய்ய மறுத்தால் என் செய்வது? பூட்டை உடைப்பதும், சாமான்களைத் தெருவில் வைப்பதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும் முற்றிலும் தவறு. சட்டப்படியான முறையின்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்கீழ் 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்து, வீட்டின் உரிமை யாருடையது என்ற விசாரணைக்கு இடமின்றியே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். நியாயம் உடையவர் ஆத்திரத்தினால் குற்றவாளியாகிவிடக் கூடாது. வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, பின்னர் நீதிமன்றம் செல்வதே வழி.

சங்கத்தின் மூலமாக இதனைத் தீர்க்கலாகாதா என்று சில அங்கத்தினர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆவது பிரிவு, சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், அலுவல் இவை பற்றிய தகராறுகளுக்கே உரியது. இரு அங்கத்தினரின் சொந்த வீட்டுக் கிரயம் அதில் அடங்காது. எனினும், இரு தரப்பும் மதிக்கும் பெரியவர்கள் சங்கத்தில் இருப்பார்கள். அவர்கள் நண்பர் என்ற முறையில் இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

நான் முதலில் கூறிய தகராறும் அவ்விதமே முடிந்தது. புதுப் பாவு ஏற்றுவதில்லை என்று விற்றவர் இசைந்தார். குழி ஆறும் வரையில் தறிச் சாமான்களைப் பின்கட்டில் வைத்துக்கொள்ள வாங்கியவர் இடம் கொடுத்தார். இரண்டு மாத வட்டியை விற்றவர் ஈடு செய்தார். மூன்று வாரங்களில் சாவி கைமாறியது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இருவரும் மீண்டும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கக் கண்டேன்.

ஆனால், அதற்குள் அந்தப் பெண்ணின் திருமணம் வாடகை வீட்டிலேயே நடந்து முடிந்திருந்தது. அதனை எந்த ஈட்டுத் தொகையும் திருப்பித் தராது. உடன்படிக்கையில் ஒரு தேதியை எழுத ஒரு வரி போதும். நண்பரிடம் எழுதிக் கேட்பது அவநம்பிக்கை என்று கருத வேண்டாம். நட்பு கெடாமல் இருப்பதற்காகவே எழுதிக்கொள்கிறோம்.