பரணிலிருந்து இறங்கிய பாதரசப் பெட்டி

மாட்டுங்காவில் நாங்கள் ஐம்பது வருடமாக இருந்த கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. வீட்டைக் காலி செய்து செம்பூருக்கு வாடகைக்குப் போகிற அமளியில், பரணிலிருந்து ஒரு நீளமான சாம்பல்நிறப் பெட்டி இறங்கியது. அப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர்கள் பிரஷர் பார்க்கும் பழைய பாதரசக் கருவி. சயானில் ஒரு டாக்டரிடம் முப்பத்தைந்து வருடம் கம்பவுண்டராக இருந்தவர் அப்பா. கிளினிக்கை மூடியபோது டாக்டர் நினைவாகக் கொடுத்தது அது.

வாசலில் பங்கார்க்காரர் தராசுடன் நின்றிருந்தார். பழைய ஃபேன், பித்தளை அண்டா எல்லாம் எடை போட்டாயிற்று. "இதையும் போட்டுடலாமாப்பா?" என்றேன்.

"உள்ளே பாதரசம் இருக்குடா. இது எங்கே போய் உடையும்னு தெரியுமா?" என்றார்.

தெரியும். நம் பக்கத்துப் பழைய சாமான்களில் நிறைய, தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டுக்குத்தான் போய்ச் சேருகின்றன. அங்கே வெறுங்கையால் உடைத்துத் தரம் பிரிக்கிறார்கள். பக்கத்திலேயே அடுப்பு எரியும், குழந்தைகள் விளையாடும்.

இந்தக் கருவியைப் பற்றி அன்று அப்பா சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நம் வாசகர்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம்.

பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். பிரஷர் 120 என்றால், 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் இரத்தத்துக்கு இருக்கிறது என்று பொருள். தண்ணீரை வைத்து அளந்தால் ஐந்தடிக்கு மேல் குழாய் வேண்டும்! இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் நேராகவே கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதாம். 1733இல் அதைப் புத்தகத்தில் எழுதினார். மனிதருக்கு அது முடியுமா? 1896இல் இத்தாலியின் ரீவா ரோச்சி கையில் காற்றுப்பட்டை கட்டி, பாதரசத்தால் அளந்தார். ஆனால் நாடியைத் தொட்டுப் பார்த்ததால் மேல் எண் மட்டுமே கிடைத்தது. கீழ் எண்ணுக்கு வழி சொன்னவர் ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப். பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காற்றை மெல்ல இறக்கினால், முதல் 'டப்' சத்தம் கேட்கும் இடம் மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண். இதை அவர் அறிவித்தது 1905இல்.

அப்பாவுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. அளவுகோலில் கோடுகள் இரண்டிரண்டு மில்லிமீட்டருக்குத்தான் இருக்கும். யாராவது 127 என்று எழுதி வந்தால், "நடுவிலே கோடு வரைஞ்சது யாரு?" என்று கேட்டுச் சிரிப்பார். மறுபடி பட்டையைக் கட்டுவார்.

பாதரசம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. உள்ளே ஸ்பிரிங் இல்லை, பாட்டரி இல்லை. முள் காட்டும் வட்டக் கருவிகள் நாளடைவில் தளர்ந்து தப்புக் காட்டும். அவற்றைச் சரிபார்க்கவும் பாதரசமே உரைகல்லாக இருந்தது.

ஆனால் உடைந்தால்? அறைச் சூட்டிலேயே பாதரசம் ஆவியாகும், நிறமில்லை, மணமில்லை. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் போல. இதில் அதைப் போலப் பல பத்து மடங்கு. நம் கொடைக்கானலிலேயே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் காயலான் கடையில் கிடந்தது 2001இல் தெரியவந்தது. அதோடு தொழிற்சாலையும் மூடப்பட்டது. பாதரசப் பொருள்களை ஒழிக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 2018இல் அதை உறுதிசெய்து ஏற்றது.

உங்கள் வீட்டில் பெட்டி இருந்தால் திறந்து விளையாட வேண்டாம். திருகு மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, சாயாமல் வையுங்கள். சிந்திவிட்டால் துடைப்பம் கூடாது. பெருக்கினால் இன்னும் பொடியாகிப் பரவும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். தங்கத்தோடு பாதரசம் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டு, தடித்த அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் வேண்டவே வேண்டாம்.

எங்கள் பெட்டியைத் தெரிந்த டாக்டர் ஒருவர் தம் மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்; அங்கே பாதரசக் கழிவைத் தனியாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். நீங்களும் உங்கள் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். நான் மூன்று இடத்தில் கேட்ட பிறகே வழி கிடைத்தது.

செம்பூர் வீட்டில் இப்போது மேல்கையில் கட்டும் எலெக்ட்ரானிக் கருவி இருக்கிறது. பட்டையில் நாடியின் அதிர்வை உணர்ந்து அது கணக்குப் போடுகிறது. முதல் நாள் 127 என்று காட்டியது. அப்பா என்னைப் பார்த்தார்.