முப்பத்தொன்றாம் கட்டத்து நெல்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று அரசனிடம் பரிசு கேட்ட கதை பலருக்கும் தெரியும். களஞ்சியத்தைக் காலியாக்கும் 64ஆம் கட்டம் வரை போக வேண்டாம். 31ஆம் கட்டத்தோடு நிறுத்திக் கூட்டினால் 2,14,74,83,647 மணிகள்.

இந்தக் குவியலைப் பங்கு போட முடியாது. ஏழு பேரோ ஏழாயிரம் பேரோ, யார் வந்தாலும் மிச்சம் விழும். ஒருவரே அள்ளிக்கொள்ளலாம், இல்லையென்றால் தலைக்கு ஒரு மணி. இது பகா எண்.

எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் இப்படி அமையாது. 11ஆம் கட்டத்தில் வரும் 2047, 23 பேருக்கு 89 வீதம் பிரிந்துவிடும். பிரியாமல் நிற்பவற்றுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மரின் மெர்சென் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி.

31ஆம் கட்டத்து எண் பகா எண்தான் என்று நிறுவியவர் லியோனார்ட் ஆய்லர். 1772இல் வெளியான, பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. ஓர் எண்ணுக்கு வகுஎண் இருந்தால், அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே 46,340 வரை தேடினால் போதும். அதற்குள்ளேயே நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் உண்டு. ஆய்லர் வேலையைச் சுருக்கினார்: இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63தான் வரும் என்று காட்டினார். மிஞ்சியவை ஏறக்குறைய 370 எண்கள். அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றும் வகுக்கவில்லை.

இந்தப் பகா எண்ணிலிருந்து ஒரு நிறைவெண் (தன்னைவிடச் சிறிய வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும்; அதைவிடப் பெரிய நிறைவெண்ணை அநேகமாக யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, நிறைவெண்களால் பயனும் இல்லை என்று 1811இல் எழுதினார் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ. பாவம், அந்தக் கணிப்பு பொய்த்தது. 1876இல் எதுவார் லூக்கா 39 இலக்க மெர்சென் பகா எண்ணோடு வந்தார். 2024இல் கண்டறியப்பட்டதற்கு 4,10,24,320 இலக்கங்கள்.

ஆய்லரின் பகா எண்ணுக்குப் பயன்? கணினி தாயக்கட்டை உருட்டுவதுபோல் எண்களைத் தர, 1988இல் பார்க், மில்லர் இருவரும் ஒரு முறையைப் பரிந்துரைத்தார்கள். கையிலுள்ள எண்ணை 16,807ஆல் பெருக்கி, ஆய்லரின் எண்ணால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள். மறுபடியும் அதையே செய். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால், பெருக்கும் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் 214 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் ஒவ்வொன்றும் வந்துபோன பிறகுதான் சுற்று திரும்பும்.

இன்னொரு இடத்திலும் இந்த எண் தலைகாட்டுகிறது. ஆனால் அங்கே பகா எண் என்ற தகுதிக்கு வேலையில்லை. 32 பிட் இடத்தில், குறைஎண்களுக்கும் இடம் விட்டபின், அடங்கும் மிகப் பெரிய எண் இது என்பதே காரணம். பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி வருகின்றன. பழைய 32 பிட் முறையில் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண்ணிக்கை ஆய்லரின் எண்ணைத் தொடும். மாற்றப்படாத கருவிகளில் அடுத்த விநாடி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.