‘அந்த அங்கிள் தொட்டாரா?’ என்று கேட்காதீர்கள்

“யூகேஜி படிக்கும் மகள் ஒரு வாரமாக வேனில் ஏற மறுக்கிறாள். கேட்டால் அழுகிறாள். ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிக் கட்டலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வாட்ச், குழந்தை எங்கே இருக்கிறது என்று சொல்லும். யாரோடு இருக்கிறது என்று சொல்லாது. மத்திய அரசின் 2007ஆம் ஆண்டு ஆய்வின்படி, குழந்தைகளிடம் அத்துமீறியவர்களில் பாதிப்பேர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள். வாட்ச் கம்பெனி விளம்பரத்தில் இது வராது.

கேள்வியைச் சரியாகக் கேட்பதற்குக் காசு வேண்டாம். நாலைந்து வயதில் விஷயம் மனதில் தங்கும். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தோமா, யாராவது சொல்லிக் கேட்டோமா என்பது சீக்கிரம் குழம்பிவிடும். போதாக்குறைக்கு, ஒரே கேள்வியை அம்மா இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று குழந்தை பதிலை மாற்றக்கூடும்.

லைக்ட்மன், செசி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1995இல் வெளியிட்ட சோதனை இது. சாம் ஸ்டோன் என்றொருவர் மழலையர் வகுப்புக்கு வந்தார். 2 நிமிடம் சுற்றினார். எதையும் கெடுக்காமல் போனார். ஒரு குழுவுக்கு மட்டும், ‘சாம் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பான்’ என்று முன்பே கதை சொல்லி, வந்துபோன பிறகு பல வாரம் ‘சாம் புத்தகத்தைக் கிழித்தபோது...’ என்றே கேள்வி கேட்டார்கள். கடைசியில் அக்குழுவின் 3, 4 வயதுக் குழந்தைகளில் 72 சதவீதம் பேர், குறிப்பிட்டுக் கேட்டபோது, அவர் புத்தகத்தையோ கரடி பொம்மையையோ பாழாக்கினார் என்றார்கள். எதுவும் ஊட்டப்படாத குழுவிடம் ‘என்ன நடந்தது?’ என்று கேட்டபோது ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

குழந்தையின் நினைவு இட்லி மாவு மாதிரி. அம்மா ஒரு கரண்டி பழைய மாவு கலக்கிறாள், பாட்டி ஒரு கரண்டி, எதிர்வீட்டு அக்கா அரைக் கரண்டி. பிறகு விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து, ‘இது குழந்தை அரைத்த மாவே இல்லை’ என்பார். பிரித்துக் காட்ட எந்த ஆய்வகத்தாலும் முடியாது.

வரலாறும் கொஞ்சம். கலிபோர்னியாவின் மெக்மார்டின் மழலையர் பள்ளியில் குழந்தைகளிடம் அத்துமீறினார்கள் என்ற வழக்கு 1983இல் கிளம்பியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் துருவித் துருவிக் கேட்டார்கள். ரகசியச் சுரங்கம் வரை கதை போனது. 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குழந்தை அதில் இருந்திருந்தால், அதன் சொல்லும் அந்தக் கூச்சலில் போயிற்று.

ஆகவே, சகோதரி, டிரைவர் பெயரை நீங்கள் எடுக்காதீர்கள். “வேன்ல ஏறினதுலேர்ந்து இறங்கறவரைக்கும் என்னல்லாம் நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நிறுத்தினால், “அப்புறம்?” போதும். குழந்தைகளை விசாரிக்க மைக்கேல் லாம்ப் குழுவினர் வகுத்த முறையிலும் முதுகெலும்பு இதுதான்; விஷயத்துக்கு வருமுன், பிறந்தநாள் மாதிரிச் சாதாரண சம்பவம் ஒன்றைச் சொல்லவைத்துப் பழக்குவார்கள். நீங்கள் தினமும் சாப்பிடும்போது பழக்கலாம். அவள் வேனில் ஏற மறுப்பதற்குக் காரணம் வெறும் ஜன்னல் சீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம்.

அப்படி இல்லையென்றால், திட்டாமல், பதறாமல் கேளுங்கள். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். வீட்டில் ஆளாளுக்கு விசாரிக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, போலீஸார் சீருடை இல்லாமல்தான் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும்; அதை உங்கள் வீட்டிலேயே வாங்கச் சொல்லிக் கேட்கலாம்.