கருப்பை வாய் மீள்மை வரைவியல்

கருப்பை வாய் மீள்மை வரைவியல் (எலாசுட்டோகிராபி) என்பது கருவுற்ற பெண்ணின் கருப்பை வாய் எவ்வளவு கெட்டியாக உள்ளது என்பதை மீயொலியால் அறியும் முறையாகும். மீள்மை வரைவியலை யொனதான் ஓஃபீர் குழுவினர் 1991 இல் விவரித்தனர்.

மகப்பேறு நெருங்கும்போது கொலாசன் இழைகள் தளர்ந்து கருப்பை வாய் மென்மையடைகிறது. இது முன்கூட்டியே நிகழ்ந்தால் 37 வாரம் நிறையும் முன்னரே குழந்தை பிறக்கக்கூடும். பிசப் மதிப்பெண்ணில் (1964) மென்மை விரலால் தொட்டே கணிக்கப்படுகிறது. எனவே ஆளுக்கு ஆள் மாறும். வழமையான மீயொலிச் சோதனை நீளத்தையே முதன்மையாக அளக்கிறது. 24 வாரத்திற்கு முன் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குறுகியது எனக் கொள்வர். ஆயினும் நீளம் குறையும் முன்னரே மென்மை தொடங்கிவிடலாம்.

திரிபு முறையில் யோனிவழி ஆய்கருவியால் மெல்ல அழுத்தி, திசு நசுங்கும் அளவு வண்ணப்படமாக்கப்படுகிறது. அழுத்தும் கை மாறினால் படமும் மாறும். ஒப்பிடுவதற்கு நிலையான கெட்டித்தன்மை கொண்ட திசு அருகில் இல்லை. இதுவே இதன் பெருங்குறை. சறுக்குப்பெயர்ச்சி அலை முறையில் கருவியே உந்துதுடிப்பு அனுப்பி, பக்கவாட்டில் பரவும் அலையின் வேகத்தை அளக்கிறது. கெட்டியான திசுவில் அலை விரைந்து செல்லும். உந்துதுடிப்பின் ஆற்றல் மிகுதி என்பதால் கருவின் பக்கம் செலுத்தாமல் கவனம் தேவை.

நீள அளவீட்டின் இடத்தை இம்முறை இன்னும் பிடிக்கவில்லை.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையாயினும் மாமல்லபுரக் கடற்கரைச் சிற்றூர் நிலையமாயினும், கருவுற்றோருக்கான மீயொலிச் சோதனை 1994 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டது. பதிவு கட்டாயம், கருவின் பாலினத்தைத் தெரிவித்தல் குற்றம்.