ரத்தம் போனால் எல்லாம் மூலம் அல்ல

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் மலத்தில் ரத்தம் கண்டால் முதலில் சொல்வது மூலம். அடுத்தது உடம்புச் சூடு. இளநீர், மோர், வெந்தயம் என்று கொஞ்ச நாள். பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. வெளியே சொல்லக் கூச்சம் வேறு. இதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இப்படிக் காலம் கடத்துபவர்களில் சிலருக்கு இருப்பது குடல் அழற்சி நோய். இளம் வயதினரையே இது அதிகம் பிடிக்கிறது.

இரண்டு நோய்கள்

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால் வரும் புண் இது. பெருங்குடலின் உள்சுவரோடு நிற்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வந்து, குடல் சுவரை ஆழமாகத் துளைக்கக்கூடியது குரோன் நோய். செட்டிநாட்டுக் காரம்தான் காரணம் என்று சமையலறையைப் பழிக்க வேண்டாம். புண் உள்ள நேரத்தில் காரம் எரிச்சலைக் கூட்டலாம். நோயை உண்டாக்குவதாகச் சான்று இல்லை.

சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, ரத்தமும் சளியும் கலந்த மலம், தூக்கத்தைக் கெடுத்து இரவில் எழுப்பும் வயிற்றுவலி, எடை குறைவு, காய்ச்சல் ஆகியவை இருந்தால் குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்கும் எளிய சோதனை, குடலில் அழற்சி உண்டா என்று காட்டிவிடும். நோயை உறுதிசெய்யக் கொலோனோஸ்கோபியும் பயாப்ஸியும் தேவை.

காசநோய் போடும் வேஷம்

நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ நேர் எதிர். காசநோய்க்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். குரோன் நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும். காசநோய்க்குக் குரோன் மருந்தைக் கொடுத்தால் காசநோய் உடலெங்கும் பரவிவிடலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1999இல் இரண்டின் பயாப்ஸிகளையும் ஒப்பிட்டார்கள். திசுவில் உருவாகும் சிறு கட்டிகள் காசநோயில் பெரிதாக, பலவாக, ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. குரோனில் சிறிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. இன்றும் மருத்துவர்கள் துணைக்கு எடுத்துக்கொள்ளும் அறிவு இது.

மருந்தும் அதன் விலையும்

ஸ்டீராய்டுக்கு முந்தைய காலத்தில் கடுமையான கொலைட்டிஸ் உயிரையே வாங்கிவிடும். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 210 நோயாளிகளிடம் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்தார்கள். ஆறு வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 41 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்குத்தான். அதே மருந்து மாதக்கணக்கில் நீண்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும். எனவே அது எரியும் நோயை அணைக்க மட்டுமே. மருத்துவர் சொல்லாமல் தொடரவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நோயை அடக்கி வைக்கும் அசதயோபிரின் சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதற்கு என்யுடிடி15 என்ற மரபணுவின் மாற்றம் ஒரு காரணம் என்று 2014இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தியர்களிடமும் இம்மாற்றம் உண்டு. முடிந்தால் முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். ரத்தப் பரிசோதனையை விடவே கூடாது.

இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி 1998இல் அமெரிக்காவில் குரோனுக்கு அனுமதி பெற்றது. மூன்றே ஆண்டுகளில், அதைப் போட்டுக்கொண்டவர்களிடம் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்தெழுந்தது பதிவானது. அதனால்தான் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கேட்கிறார்கள். கொலைட்டிஸுக்கும் தரப்படும் டோஃபாசிடினிப் மாத்திரையை, இதய ஆபத்துள்ள 50 வயதைக் கடந்த மூட்டுவாத நோயாளிகளிடம் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு, மாரடைப்பும் புற்றுநோயும் சற்றுக் கூடுவதாகச் சொன்னது. வயது, புகைப்பழக்கம், இதய நோய் எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மஞ்சளுக்கும் அதே தராசு

"மஞ்சள் சாப்பிட்டால் போதும்" என்பவர்கள் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமினை நாளொன்றுக்கு 3 கிராம், கொலைட்டிஸுக்கு வழக்கமாகத் தரும் மெசலமின் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை பெற்ற 24 பேரில் ஒருவருக்கும் இல்லை. டெல்லி எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். குழம்பில் போடும் மஞ்சள் அந்த அளவை எட்டாது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

நம் பழைய சோற்றுக்கும் ஆய்வு வந்துவிட்டது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ஜெஸ்வந்த் தலைமையிலான குழு, அரசு நிதியோடு, குடல் அழற்சி நோயாளிகளுக்கு அது உதவுமா என்று ஆராயத் தொடங்கியது. சோறு ஊறும்போது பெருகும் நல்ல நுண்ணுயிர்கள் குடலுக்கு நன்மை செய்யலாம் என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை. நம் பாட்டிமார் கொடுத்த உணவை இப்படி முறையாகச் சோதிப்பது பெருமைக்குரியது. சுத்தமான நீரில் ஊறிய சோறு உடம்புக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம். அதற்காக மாத்திரையை நிறுத்துவது தவறு.

கேட்க வேண்டியவை

இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளைக்கு? என்ன சோதனையோடு? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்? இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவை நோயைக் கிளப்பலாம். குரோன் உள்ளவர்கள் புகையை அறவே விட வேண்டும். கர்ப்பம் திட்டமிடும் பெண்கள் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். பெருங்குடல் நோய் தொடங்கி எட்டு ஆண்டு ஆனால், புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கக் கொலோனோஸ்கோபி தேவை.

உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுவது நம்மிடம் உள்ள பெரிய பழக்கம். மெசலமினை ஒழுங்காகப் போடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மதுரை அரசு மருத்துவமனைக்குப் போய்வருவது ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாளைத் தள்ளிப்போட்டால் குடலை அறுத்து எடுக்கும் நிலைகூட வரலாம். நோயை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.