முழு எண்ணா, தசம எண்ணா?

தேவாரம் பக்கத்துப் பொட்டிபுரத்தின் நியூட்ரினோ திட்டம் என்றாலே சுரங்கம், புலி வழித்தடம், வழக்கு என்றுதான் பேச்சு போகும். மாநில அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. அங்கே அமையவிருந்த கருவிக்குள் என்ன இருக்கும் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை.

50,000 டன் இரும்புத் தகடுகள், நடுநடுவே ஏறத்தாழ 30,000 உணரிகள் என்பது திட்டம். அதன் 85 டன் மாதிரி மதுரையில் அமைந்தது. உணரியோடு சேரும் மின்னணுப் பலகையில் இருப்பது நியோஸ்-2 செயலி. எஃப்.பி.ஜி.ஏ. சிப்புக்குள் நாமே அமைத்துக்கொள்ளும் செயலி இது. வேண்டுமானால் 256 சொந்தக் கட்டளைகள் வரை சேர்க்கலாம்.

ஆனால் அப்படியொரு கட்டளைக்காக நேற்று வடித்த சுற்றை, நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எப்படி அறியும்? இதற்கென்றே ஜி.சி.சி. கம்பைலரில் உள்ளமைந்த ஃபங்ஷன்கள் வைத்தார்கள். கட்டளையின் எண்ணோடு மதிப்புகளையும் கொடுத்தால் போதும். மதிப்பின் வகை பெயரிலேயே இருக்கும்: முழு எண்ணுக்கு 'ஐ', தசமத்துக்கு 'எஃப்', நினைவக முகவரிக்கு 'பி'. உள்ளீடு இல்லாமலோ, ஒன்றோ, இரண்டோ வரலாம் என்பதால் 13 சேர்க்கைகள். எதையும் திருப்பித் தராததையும் சேர்த்து விடைக்கு நான்கு வாய்ப்பு. ஆக, 52 ஃபங்ஷன்கள்! பார்த்தால் அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரே பெயரைப் பல வகைகளுக்கு வைத்துக்கொள்ள சி மொழி விடாதே.

வகை மாறினால் என்ன ஆகும்? மியூயான் துகள் மேலிருந்து வந்ததா, பூமியைத் துளைத்து வந்த நியூட்ரினோவால் கீழிருந்து கிளம்பியதா என்பதை நேர வித்தியாசம்தான் காட்டும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும். 2.9 நானோ நொடியை 'ஐ' ஃபங்ஷனில் போட்டால், சி மொழி சத்தமில்லாமல் 2 ஆக்கிவிடும். 27 சென்டிமீட்டர் போயிற்று. அந்த 2-ஐ வாங்கும் சுற்று தசமத்தை எதிர்பார்த்தால் இன்னும் மோசம், அதற்கு அது கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு வகையும் 32 பிட்தான், படிக்கும் முறைதான் வேறு. தசம 1.0-ன் பிட்டுகளை முழு எண்ணாகப் படித்தால் 1,06,53,53,216 வரும்.

கம்பைலரின் காவலுக்கும் எல்லை உண்டு. 17-ம் எண் கட்டளைக்குப் பின்னால் கூட்டல் சுற்று இருக்கிறதா, கழித்தல் சுற்றா, அது தசமத்தைத்தான் கேட்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சுற்றை வடித்தவரும் நிரல் எழுதியவரும் பேசிக்கொண்டால்தான் உண்டு.

நியோஸ்-2-ஐ இன்டெல் கைவிட்டது. 2025-ல் வந்த ஜி.சி.சி. 15-ல் அந்த 52-ம் இல்லை. அந்தச் செயலிக்கு இனி நிரல் எழுதுபவர்கள் பழைய பதிப்பைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.